கயிறு இழுக்கத் தகுதியான கை

கும்மிடிப்பூண்டி பக்கத்து ஆத்துப்பாக்கத்துப் பெரிய மனிதர்களை வீணாகக் குறை சொல்லாதீர்கள். பட்டியல் சாதியைச் சேர்ந்த அமிர்தம் தேர்தலில் நிற்பதைப் பொறுத்துக்கொண்டார்கள். ஜெயிப்பதைப் பொறுத்துக்கொண்டார்கள். ஊராட்சி மன்றத் தலைவராகப் பதவி ஏற்பதையும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார்கள். கொடியேற்ற மட்டும்தான் விடவில்லை. எவ்வளவு பெருந்தன்மை!

2020 ஜனவரி 26 குடியரசு நாளில் தலைவர் இருக்க வேறொரு கை கொடியேற்றியது. ஆகஸ்ட் 15 வந்தது. பள்ளியில் கொடியேற்ற வாருங்கள் என்று முதலில் அழைப்பு, பிறகு வர வேண்டாம் என்று சேதி. அந்தக் கை பட்டால் கயிறு அறுந்துவிடுமோ, கொடியிலுள்ள சக்கரம் சுற்ற மறுத்துவிடுமோ, அவர்களுக்குத்தான் வெளிச்சம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைப் புகைக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. ஊர், காலனி பார்க்காமல் எல்லார் மூக்கிலும் ஏறுகிறது.

இங்கே மட்டுமா? இந்த மாநிலத்தில் பல ஊர்களில் தனித்தொகுதித் தலைவர் என்றால் நடமாடும் ரப்பர் ஸ்டாம்பு. கையெழுத்து வேண்டுமென்றால் காலனிக்கே ஆள் தேடி வரும். பணம் எடுக்கும்போது அந்தக் கைக்குத் தீட்டு கிடையாது.

இன்னொரு கூத்து. பட்டியல் சாதி ஊராட்சித் தலைவரைக் கடமை செய்யவிடாமல் தடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சேர்த்த திருத்தம் நடைமுறைக்கு வந்ததே 2016 ஜனவரி 26 அன்றுதான். அதன் நான்காம் பிறந்தநாளைத்தான் ஆத்துப்பாக்கத்தில் இப்படிக் கொண்டாடினார்கள்.

கிழவி வாயை மூடிக்கொண்டு கிடப்பாள் என்று போட்ட கணக்கு பொய்த்தது. நடந்ததை அமிர்தம் உலகறியச் சொல்லிவிட்டார். ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் வந்து நிற்க, அவர் கொடியேற்றினார். இருவர் கைதானார்கள். அந்த ஊருக்குச் சுதந்திர நாள் ஐந்து நாள் தாமதமாக, சைரன் வைத்த வண்டியில் வந்து சேர்ந்தது.

அந்த அக்டோபரிலேயே கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவர் தரையில், மற்றவர்கள் நாற்காலியில் என்று ஒரு படம் வெளியானது. 2022இல், சுதந்திரத்தின் 75 ஆண்டு நிறைவுக் கோலாகலத்துக்கு நடுவே, சாதி பார்த்து ஊராட்சித் தலைவர்களைத் தடுக்காமல் கொடியேற்ற விடுவதை உறுதிசெய்யும்படி தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

எனவே தேர்தல் ஆணையத்துக்கு ஒரு யோசனை. தனித்தொகுதி வேட்புமனுவோடு, கொடியேற்றப் போலீஸ் பந்தோபஸ்து கோரும் மனுவையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளுங்கள். நாற்காலிக்குத் தனி விண்ணப்பம். ஆட்சியர்களும் ஐந்து வருடத்துக்கு நாள் ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம்.