செடிக்கு வந்த வாழ்வு

ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயது வந்த ஒவ்வொருவரும் வீட்டில் மூன்று கஞ்சாச் செடிகள் வளர்க்கலாம். சட்டம் வந்ததும் வந்தது, வளர்ப்பவர் வீட்டில் துடைக்கும் துணிக்கு ஓய்வே இல்லை. செடிக் கூடாரத்தைத் திறக்குமுன் கை கழுவ வேண்டும். தெருச் செருப்பு கிட்டே வரக்கூடாது. நாய்க்கும் பூனைக்கும் தடா. உதிர்ந்த இலையை உடனே பொறுக்கியாக வேண்டும். விட்டால் ஈரத்தில் சாம்பல் பூஞ்சை பிடித்து மொட்டு அழுகிவிடும். கத்தரிக்கோலுக்கு ஆல்கஹால் குளியல். மண்ணில் மொய்க்கும் குட்டி ஈக்களுக்கு மஞ்சள் ஒட்டு அட்டை. மின்விசிறி இறக்கையில் ஒரு பொட்டுத் தூசு கிடையாது.

கூடாரத்தின் ஜிப்பை மூடிவிட்டுத் திரும்பினால், சமையலறைத் தொட்டியில் முந்தாநாள் பாத்திரம். சோபாவுக்கடியில் ஒற்றைக் காலுறை. வளர்ப்பு அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையாகக் கூடாது என்கிறது சட்டம். ஆகவே செடி வாடைக்குக் கரி வடிகட்டி உண்டு. காலுறை வாடைக்குச் சட்டமும் இல்லை, வடிகட்டியும் இல்லை.

சட்டம் இயற்றுவோர் கவனத்துக்கு: அடுத்த திருத்தத்தில் வளர்ப்பவருக்கும் ஒரு கூடாரம் ஒதுக்குங்கள். மனிதரும் கொஞ்சம் சுத்தமாக வாழ்ந்துவிட்டுப் போகட்டும்.