இப்ப வரும் பாருங்க!

"கேக்குற மாதிரி நல்ல பாட்டு ஒண்ணு சொல்லுங்க சார்" என்று அவரிடம் வாய் தவறிக் கேட்டுவிடக் கூடாது. சொல்லிவிடுவார்.

சொல்வதோடு விட்டாலும் பரவாயில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவார். தன் காதில் இருக்கும் இரண்டு இயர்போனில் ஒன்றைக் கழற்றி, சட்டை நுனியில் ஒரு துடை துடைத்து, நம் காதில் செருகுவார். எஸ்.பி.பி. பாட ஆரம்பித்ததும் போக்குவரத்துக் காவலர் மாதிரி கையை உயர்த்துவார். "குரலை விடுங்க சார். அதுக்குப் பின்னாடி போங்க." நாமும் பின்னாடி போவோம். அங்கே என்ன இருக்கிறது என்று தடவிக்கொண்டிருக்கும்போதே நம் முழங்கையைப் பிடித்து அழுத்துவார். "இப்ப வரும் பாருங்க... வருது... வருது... வந்திருச்சு! கேட்டீங்களா?"

நமக்குக் கேட்டது அவர் குரல்தான். கிடார் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. அதைச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து போடுவார். ஆகையால் நாம் கண்களை மூடி, தலையை மெல்ல ஆட்டி, "அடேயப்பா" என்போம். எங்கள் அலுவலகத்தில் அந்த "அடேயப்பா"வைச் சொல்லாதவர் ஒருவரும் இல்லை.

கிடாரின் தனி வாசிப்பை, அதாவது சோலோவை, இப்படித் துரத்துவதால் எல்லோரும் அவரை சோலோ சார் என்றுதான் கூப்பிடுகிறோம். எல்லா ஊரிலும், எல்லா அலுவலகத்திலும், எல்லா அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இப்படி ஒருவர் இருப்பார் என்பது என் கணிப்பு. வயது நாற்பத்தைந்துக்கு மேல். கிடார் வாசிக்கத் தெரியாது. ஆனால் வீட்டில் ஒரு கிடார் இருக்கும். கல்லூரியில் படிக்கும்போது வாங்கியது. ஆறு கம்பியில் நாலு மிச்சம். பீரோ மேல் உறையோடு படுத்திருக்கும். ஆயுத பூஜைக்கு மட்டும் இறக்கி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துத் திரும்ப ஏற்றிவிடுவார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அதுவும் வேலை செய்கிற பொருள் என்ற மரியாதையைப் பெறுகிறது.

சோலோ சார் சிபாரிசு செய்வது பாட்டை அல்ல, பாட்டில் பதினோரு விநாடியை. சிலருக்கு லட்டில் முந்திரி இருக்கும் இடம் பார்த்த மாத்திரத்தில் தெரியுமே, அந்த மாதிரி. மற்றபடி பல்லவி, சரணம், கதாநாயகி எல்லாம் அவருக்கு முந்திரியைச் சுற்றியிருக்கும் பூந்தி.

அவர் கல்யாணமே இதனால்தான் நடந்தது என்று அவர் மனைவி சொல்வார். பெண் பார்க்க வந்த இடத்தில், மாப்பிள்ளை பெண்ணிடம் தனியாக ஒரு வார்த்தை பேசட்டும் என்றார்களாம். இவர் கூடத்திலேயே எல்லோர் முன்னாலும், "பாட்டுல உங்களுக்கு பேஸ் பிடிக்குமா? எனக்கு பேஸ்தான் ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று கேட்டிருக்கிறார். மாமனாருக்கு பேஸ் கிடார் என்று ஒன்று இருப்பதே தெரியாது. "மாப்பிள்ளைக்குப் பொண்ணு ஃபேஸ் பிடிச்சிருக்காம்" என்று உள்ளே போய்ச் சொல்லி, தாம்பூலத் தட்டோடு திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு இவரால் விளக்க முடியவில்லை. அந்தக் காலத்தில் இளையராஜா பாட்டுகளில் பேஸ் வாசித்த சசிதரனுக்கு இந்தக் குடும்பம் ஒரு வகையில் கடன்பட்டிருக்கிறது.

அலுவலகத்தில் அவர் ஒரு நாட்டு வைத்தியர். யாருக்கு என்ன குறை என்று கேட்டுக்கொண்டு அதற்கேற்ற கிடாரைக் கொடுப்பார். கணக்குப் பிரிவில் ஒருவர் டாக்டரிடம் போய்விட்டு வந்து, "எனக்கு பிபி இருக்காம் சார்" என்றார். "பி.பி.யா? கிங்கைக் கேட்டிருக்கீங்களா?" என்று சோலோ சார் நாற்காலியை இழுத்தார். பி.பி. கிங், அமெரிக்காவின் ப்ளூஸ் மேதை. மற்றவர்கள் பத்து சுரம் வாசிக்கும் இடத்தில் ஒரே சுரத்தைப் பிடித்து நடுங்கவிட்டவர். 'தி த்ரில் இஸ் கான்' ஒன்று போதும் என்றார். அதோடு 1949-இல் ஆர்கன்சாவில் நடந்த கதையையும் சேர்த்துக் கொடுத்தார். நடன விடுதியில் குளிருக்கு ஒரு தொட்டியில் மண்ணெண்ணெய் எரிகிறது. ஒரு பெண்ணுக்காக இரண்டு பேர் அடித்துக்கொண்டு அதைக் கவிழ்க்கிறார்கள். கட்டடம் பற்றிக்கொள்கிறது. வெளியே ஓடி வந்த கிங், கிடாரை உள்ளே விட்டுவிட்டோமே என்று மறுபடி நெருப்புக்குள் ஓடுகிறார். பிறகுதான் தெரிகிறது, அந்தப் பெண் பெயர் லூசில். அன்றிலிருந்து தன் கிடார்களுக்கெல்லாம் அதே பெயர் வைத்தார், இனி இப்படி ஒரு முட்டாள்தனம் செய்யக் கூடாது என்ற நினைப்பூட்டலுக்காக. கதை முடிந்தபோது கணக்குப் பிரிவுக்காரருக்கு ரத்த அழுத்தம் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

உடம்பு வணங்காத இளைஞர்களுக்கு டோனி அயோமி. தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலையை விடும் கடைசி நாளன்று, பதினேழு வயதில், இரண்டு விரல் நுனிகளை இயந்திரத்துக்குக் கொடுத்தவர். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தானே விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். பிளாக் சபாத் என்ற குழுவின் அந்தக் கனத்த சத்தம் அப்படிப் பிறந்தது. "நுனி இல்லாதவனே வாசிச்சான். உனக்குப் பத்து விரலும் இருக்கு, ஒரு ஃபைல் நகர மாட்டேங்குது!"

பிரையன் மேயால் இவருக்கே கொஞ்சம் நஷ்டம். குவீன் குழுவின் கிடார்க்காரரான அவர், 1963-இல் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே கிடார் செய்யத் தொடங்கியவர். கழுத்துக்கு மரம், பழைய கணப்படுப்பின் சட்டத்திலிருந்து வந்தது. கம்பியை மீட்ட, ஆறு பென்ஸ் நாணயம். இதைப் படித்த சோலோ சார், நம் ஊருக்கு எது சரிவரும் என்று யோசித்து இருபத்தைந்து காசைத் தேர்ந்தெடுத்து, வீட்டு உண்டியலை உடைத்து ஒரு டப்பா நிறையச் சேர்த்து வைத்தார். 2011-இல் அது செல்லாது என்று அறிவித்தார்கள். "வாசிக்கச் செல்லும்" என்று இன்னும் வைத்திருக்கிறார்.

'ஹோட்டல் கலிஃபோர்னியா'வை அவர் யாருக்கும் முதலில் கொடுப்பதில்லை. அது எல்லோரும் கேட்டதாயிற்றே என்ற இளக்காரம். ஆனால் தனியாக இருக்கும்போது கேட்பது அதைத்தான். நாலேகால் நிமிஷம் தாண்டினதும், டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் மாறி மாறி வாசித்து, கடைசியில் இரண்டு கிடாரும் ஒன்றாக இறங்கி வரும் இடத்தில், மேஜை மேல் அவருடைய இரண்டு கைகளும் தனித்தனியாக நடந்து ஒரு புள்ளியில் சந்திக்கும். ஒரு நாள் அந்தப் புள்ளியில் மேலாளரின் காபி இருந்தது.

ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் 'லிட்டில் விங்' பற்றி மட்டும் அவரிடம் பேச்செடுக்கக் கூடாது. 1967-இல் வந்தது, இரண்டரை நிமிஷம்கூட இல்லை. கடைசியில் கிடார் பறக்கத் தொடங்கும்போது சத்தத்தைக் குறைத்து மூடிவிடுவார்கள். ஒவ்வொரு முறையும், அன்றைக்குத்தான் நடந்தது போல, "மூடிட்டான் பாருங்க, பாவி" என்பார். இருபத்தேழு வயதில் ஹெண்ட்ரிக்ஸ் போனதையும் அந்தக் குமிழைத் திருகியவனையும் அவர் ஒரே கணக்கில்தான் எழுதுகிறார்.

ஆனால் மேல்நாட்டு மேதைகளைச் சிபாரிசு செய்வது சுலபம். உறையைத் திருப்பினால் பெயர் இருக்கும். சோலோ சாரின் உண்மையான உழைப்பு கோடம்பாக்கத்தில்தான் தொடங்குகிறது.

'இளைய நிலா'வை எடுத்துக்கொள்ளுங்கள். 'பயணங்கள் முடிவதில்லை', 1982. படத்தில் மோகன், குரல் எஸ்.பி.பி., வரிகள் வைரமுத்து, இசை இளையராஜா. இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பாட்டைத் தூக்கி நிறுத்தும் அந்தக் கிடாரை வாசித்தவர் ஆர். சந்திரசேகர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? டிரம்ஸ் புருஷோத்தமனின் சகோதரர். ஒலிநாடா வாங்கிய லட்சம் வீடுகளில் அந்தப் பெயர் ஒரு வீட்டிலும் நுழையவில்லை. நாயகன் படம் பெரிதாக இருக்கும், நாயகி படம் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், தயாரிப்பாளர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். கம்பியைத் தொட்டவன் பெயருக்கு அட்டையில் இடம் இல்லை. அடுத்த வருஷமே பாட்டு இந்திக்குப் போய் 'கலாகார்' படத்தில் கிஷோர் குமார் பாடினார். வடநாட்டு நண்பர் ஒருவர் சோலோ சாரிடமே அதைப் போட்டுக் காட்டி, "எங்க கிடாரைக் கேளுங்க" என்றார். அன்று சோலோ சார் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டார்.

இதில் வேடிக்கை, இளையராஜாவே ஒரு காலத்தில் பெயர் போடாத கிடார்க்காரர்தான். தன்ராஜ் மாஸ்டரிடம் கற்று, லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியவர், 1976-இல் 'அன்னக்கிளி' வரும்வரை ஜி.கே. வெங்கடேஷ், சலீல் சௌத்ரி போன்றவர்களின் குழுக்களில் உட்கார்ந்து வாசித்திருக்கிறார். அவற்றில் எந்தப் பாட்டில் எந்த மீட்டல் அவருடையது? சோலோ சார் தலையைச் சொறிந்துகொள்ளும் இடம் அது.

அதனால் அவர் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். நீள வாக்கில் கோடு போட்ட கணக்கு நோட்டு. முதல் பத்தியில் பாட்டு, இரண்டாவதில் படம், மூன்றாவதில் வாசித்தவர். சந்திரசேகர், சதானந்தம் என்று சில இடங்களில் அழகான கையெழுத்து. மிச்ச இடமெல்லாம் கேள்விக்குறி. பழைய கச்சேரிக்காரர்களைக் கல்யாண வீடுகளில் மடக்கி, டிரம்ஸ்காரரின் மைத்துனரைப் பிடித்து, ஒவ்வொரு கேள்விக்குறியாக அழித்துக்கொண்டு வருகிறார். ஏ.ஆர். ரஹ்மான் காலத்தில் ஒலிநாடா அட்டையில் வாசித்தவர்களின் பெயர்களை அச்சடிக்கத் தொடங்கியதும், 'பேஸ்: கீத் பீட்டர்ஸ்' என்று கண்ணெதிரே எழுதியிருந்ததைப் பார்த்து இவருக்கு ஆனந்தக் கண்ணீர் வந்தது. மறுநாள் கொஞ்சம் சோர்ந்து உட்கார்ந்திருந்தார். "அவங்களே போட்டுட்டா அப்புறம் நாம எதுக்கு சார்?"

அந்தச் சோர்வுக்கு அவர் தனக்கே எழுதிக்கொள்ளும் மருந்து, ஜான் மெக்லாஃப்லின். இங்கிலாந்துக்காரர், அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் நம் எஸ். ராமநாதனிடம் வீணை படித்தார். வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் உயர்ந்து நிற்பதால், கம்பியை இழுத்துக் கமகம் கொண்டுவர இடம் இருக்கிறது. கிடாரின் கழுத்தோ சப்பட்டை. என்ன செய்தார்? மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் கிண்ணம் போலக் குடைந்த ஒரு கிடாரைச் செய்யச் சொல்லி வாங்கினார். எல். சங்கர் வயலின், விக்கு விநாயக்ராம் கடம், ஜாகிர் உசேன் தபேலாவோடு 'சக்தி' குழுவில் அவர் வாசித்ததைக் கேட்டால், பதினோரு விநாடி என்ற கணக்கையே சோலோ சார் மறந்துவிடுவார். முழுசாகக் கேட்பார். முழங்கையைப் பிடிக்க மாட்டார். எனக்கு உண்மையிலேயே ஒரு கிடார் காதில் விழுந்தது, அதை அவரோடு உட்கார்ந்து கேட்ட அன்றைக்குத்தான்.

போன மாதம் ஒரு வேலையாக நானும் அவரும் சாலிகிராமம் போனோம். அருணாசலம் சாலைப் பக்கம் ஒரு டீக்கடை. மாஸ்டருக்கு எழுபது வயது இருக்கும். செல்போன் ஒன்றைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து, எண்பதுகளின் ஏதோ ஒரு பாட்டை ஓடவிட்டிருந்தார். படம் மூன்று நாள்கூட ஓடியிருக்காது. எனக்குப் படப் பெயரே தெரியவில்லை. சோலோ சார் மட்டும் நிமிர்ந்தார். கை உயர்ந்தது.

"இப்ப வரும் பாருங்க சார்..."

மாஸ்டர் திரும்பாமலே டீயை ஆற்றிக்கொண்டு சொன்னார்: "அது வந்து போயிடுச்சு சார். குரலுக்கு அடியில ஒண்ணு வந்துச்சே, அதான். நீங்க சொல்றது ரெண்டாவது வாட்டி வர்றது."

இருபது வருஷத்தில் சோலோ சாரை யாரும் இப்படித் திருத்தி நான் பார்த்ததில்லை. பாட்டைப் பின்னால் தள்ளி மறுபடி போட்டார்கள். வந்துதான் இருந்தது.

"அய்யா, நீங்க...?"

"இங்க ஸ்டூடியோவுக்கெல்லாம் ஃபிளாஸ்க்குல டீ கொண்டுபோறது நான்தான் சார் அப்ப. ரிகர்சல் நடக்குறப்ப ஓரமா நிப்பேன்."

சோலோ சாரின் கை நடுங்கிக்கொண்டே பைக்குள் போயிற்று. நோட்டு வெளியே வந்தது. பக்கத்தைப் புரட்டினார். பாட்டு இருந்தது, படம் இருந்தது, மூன்றாவது பத்தியில் பெரிய கேள்விக்குறி.

"இதை வாசிச்சது யாருன்னு..."

"நல்லாத் தெரியுமே. ஜன்னல் பக்கம் உக்காருவாரு. ஒல்லியா இருப்பாரு. வாசிக்கறப்ப நாக்கைக் கடிச்சுக்குவாரு."

"பேரு? பேரு சொல்லுங்கய்யா!"

மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். தெருவைப் பார்த்தார். செல்போனைப் பார்த்தார். பாட்டு அதற்குள் முடிந்துவிட்டது.

"பேரு தெரியாது சார். சர்க்கரை கம்மியாக் கேப்பாரு."

சோலோ சார் பேனாவைத் திறந்து, கேள்விக்குறியைப் பொறுமையாக அடித்துவிட்டு, அதன் பக்கத்தில் அழகான கையெழுத்தில் எழுதினார்: 'சர்க்கரை கம்மி.'