ஆறுதலாகப் போகிறவர்

காலை ஏழரை மணிக்குக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் நின்று பாருங்கள். மாத்தளை வீதியும் குருநாகல் வீதியும் கொண்டுவந்து கொட்டுகிற வாகனங்கள் அத்தனையும் மகாவலியைக் கடந்து கண்டிக்குள் நுழைய அங்கேதான் முண்டியடிக்கும். கொண்டக்டர் "நுவர, நுவர" என்று தொண்டை கிழியக் கத்துவார், பஸ் அசையாது. மெதுவாகப் பயணம் போவது எப்படி என்று இந்த ஊர்க்காரனுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனாலும் எடுப்பதற்கென்றே ஊருக்கு ஒருவர் இருப்பார். அவர்தான் ஆறுதலாகப் போகிறவர்.

அவரை அடையாளம் காண்பது சுலபம். பென்ஷன் எடுத்துச் சில வருஷம் ஆகியிருக்கும். பிள்ளைகள் வெளிநாட்டில். கையில் மணிக்கூடு கட்ட மாட்டார். நேரத்துக்கு அடிமையாக இருந்தது போதுமாம். ஆனால் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் "மச்சான், மணி என்ன?" என்று நம்மைக் கேட்பார். ரோம் நகரில் மெக்டொனால்ட்ஸ் கடை வந்ததை எதிர்த்து 1986இல் கார்லோ பெத்ரினி என்ற இத்தாலியர் கிளம்பியதும், அது பிறகு மெதுவுணவு இயக்கமாக வளர்ந்ததும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். "சோறு ஆறுது, சாப்பிட வாங்க" என்று மனைவி மூன்றாம் முறை கூப்பிடும்போதுதான் பெத்ரினி புராணத்தின் அடுத்த அத்தியாயத்தைத் தொடங்குவார்.

இந்த இனத்தைச் சேர்ந்த என் சிநேகிதர் ஒருநாள் போனில் இத்தாலியின் சின்குவே தெர்ரே கரையோரத்தைக் கண்டுவிட்டார். மலைச்சரிவும் கடலும் சேரும் இடத்தில் ஐந்து கிராமங்கள். 1997இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் ஏறியவை. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ரயிலில் போகலாம். கொர்னீலியா என்ற கிராமத்தில் மட்டும் ஸ்டேசனிலிருந்து ஊருக்கு ஏறக்குறைய 380 படி ஏற வேண்டும். அந்தப் படிகளில் எங்கெங்கே உட்கார்ந்து மூச்சு வாங்குவது என்பது வரைக்கும் திட்டம் போட்டார். விமான டிக்கட்டின் விலையை மகன் சொன்னதும் தேசப்பற்று வந்துவிட்டது. "நம்ம காலிக்கும் வெலிகமைக்கும் என்னடா குறை? ஆறுதலா போவோம் மச்சான்."

2011இல் திறந்த தெற்கு அதிவேகப் பாதையில் போனால் கொழும்பிலிருந்து காலிக்கு ஒரு மணித்தியாலம் சொச்சம்தான் என்றேன். "அதுல போறவன் ஊர் பாக்கவா போறான்? போய் இறங்கத்தானே போறான்!" என்று வாயை அடைத்தார். 1895இல் மாத்தறையைத் தொட்ட கரையோர ரயில்தான் என்று முடிவாயிற்று.

விடியுமுன் கண்டி ஸ்டேசனில் டிக்கட் கியூவில் நின்றது நான். கொழும்புக் கோட்டையில் இறங்கி, இரண்டு பேரின் பேக்கையும் தூக்கிக்கொண்டு மேம்பாலம் ஏறி இறங்கி, மாத்தறை ரயிலின் கடல் பக்க ஆசனத்தில் ஜன்னல் வழியாக லேஞ்சியைப் போட்டது நான். காட் பச்சைக் கொடியை எடுத்த நேரத்தில், கையில் மாலுபணிஸ் பொட்டலத்தோடு, மேடையில் படுத்திருந்த பூனையைச் சுகம் விசாரித்துவிட்டு வந்து ஏறியவர் அவர். "பாத்தியா, ஓடாமலே ஏறிட்டோம்" என்று என் லேஞ்சியை எடுத்துத் தந்துவிட்டு அந்த ஆசனத்தில் அமர்ந்தார்.

வெள்ளவத்தையில் ஓர் இறால் வடையைக் கையில் எடுத்தார். மேலே பதித்திருந்த இறாலைத் தொடவில்லை; ஓரத்து மொறுமொறுப்பைச் சுற்றிவரக் கொறித்தபடி கல்கிசையைத் தாண்டினார். மொறட்டுவையில் பருப்பு. பாணந்துறையில் வெங்காயமும் மிளகாயும். இறால் வாய்க்குள் போகும்போது ரயில் களுத்துறைப் பாலத்தில் தடதடத்துக்கொண்டிருந்தது. அவருக்கு ஜன்னல் நிறையக் கடல். எதிர்ப்பக்கம் இருந்த எனக்கு மதிலும், கொடியில் காயும் சாரமும்.

காலியில் பிளேன்டீ குடிக்க இறங்கினார். "கோச்சி இங்க நிக்கும்டா." நின்றதும் உண்மைதான். மாத்தறைக்குப் போகிற ரயில் காலிக்குள் வந்த வழியாகவே திரும்பி வெளியேற வேண்டும்; எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் கொழுவுவார்கள். டீயை முடித்து வந்து அவர் தன் ஆசனத்தில் சாய்ந்தார். ரயில் புறப்பட்டது, பின்பக்கமாக. கடல் என் பக்கம் வந்துவிட்டது! அவருக்கு வயலும் தென்னையும். இரண்டு ஸ்டேசன் பொறுத்துப் பார்த்தார். பிறகு, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, அவசரப்பட்டார். "மச்சான், சட்டுனு இங்க மாறி உட்காரு, இந்தப் பக்கம் காத்து நல்லா வருது!"

அகங்கமைக் கரையில், கடலுக்குள் நட்ட கம்பின் மேல் தூண்டிலோடு குந்தியிருக்கும் மீன்காரரைப் பார்த்து எழுந்து கும்பிடாத குறை. இப்போது பலர் மீனுக்காக அல்ல, போட்டோ எடுக்கிற வெளிநாட்டார் தரும் காசுக்காகவே கம்பில் ஏறுகிறார்கள் என்றேன். அவர் அசரவில்லை. "அவசரப்படாத மனுசனைத் தேடி எல்லாம் தானா வரும்டா."

வந்தனதான். டிக்கட் தானாக வந்தது, ஆசனம் தானாக வந்தது, வெலிகமையில் ரூம், ராத்திரி இடியப்பம், சம்பல் எல்லாமே தானாக வந்தன. அவற்றுக்கெல்லாம் கால்கள் இருந்தன என்பதும் அவை என்னுடையவை என்பதும்தான் அவர் கண்ணில் படவில்லை. இத்தாலியிலும் இதே கதையாகத்தான் இருக்க வேண்டும். அந்த ஐந்து கிராமங்களில் கைவீசி நடக்கிற ஒவ்வொருவருக்கும் பின்னால் மூட்டை தூக்கிக்கொண்டு ஒருவன் ஓடிக்கொண்டிருப்பான்.

அடுத்தது திருகோணமலை என்கிறார். "தாராளமா போவோம், டிக்கட் கியூவில மட்டும் இந்தத் தடவை நீ நில்லு" என்றேன். யோசித்துச் சொல்லத் தவணை கேட்டிருக்கிறார்.