ஒரு வாசகம், பல பெட்டிகள்

கேள்வி: பட்டாசு ஆலையின் எச்சரிக்கை, கலவைக் குறிப்புகளை ஒரே இடத்தில் எழுதிப் பராமரிக்க எந்த மென்பொருள் ஏற்றது?
– வாசகர், விருதுநகர்

பதில்: சிவகாசியில் ஒரே குறிப்பு பெட்டியிலும், அட்டைப்பெட்டியிலும், மருந்து கலக்கும் அறைச் சுவரிலும் தனித்தனியே தட்டச்சாகும்போது, 2018 அக்டோபர் 23 அன்று பேரியம் உப்புகளுக்கு உச்ச நீதிமன்றம் விதித்த தடையைப் போன்ற மாற்றம் வந்தால், இரண்டு திருந்தும், மூன்றாவது பழைய பாட்டையே பாடும். ஒருமுறை எழுதியதிலிருந்தே எல்லா வடிவங்களையும் எடுக்கும் ஒற்றை மூல முறைக்கு, 2005இல் ஓயாசிஸ் அமைப்பு ஏற்ற டிட்டா என்னும் எக்ஸ்எம்எல் தரம் பெரிய ஆலைக்குப் பொருந்தும். சிறிய ஆலைக்கு எளிய உரைக்கோப்பும், யார் எந்த வரியை மாற்றினார் என்பதைப் பதிந்துவைக்கும் கிட் கருவியுமே போதும். எதுவாயினும், அச்சகத்தின் கோரல்டிரா கோப்புக்குள் வாசகம் பூட்டப்படக் கூடாது. தமிழ் யூனிகோடில் இருக்கட்டும், ஏனெனில் பழைய எழுத்துருவில் அடித்த எச்சரிக்கை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கலாகிவிடும்.