கூடுவிட்டுக் கூடு பாயும் சரக்கு: தடா எல்லையை முன்வைத்து ஓர் ஆய்வு

சாத்தனூரில் இறந்துகிடந்த இடையன் மூலனின் உடம்புக்குள் புகுந்த சித்தர், மாடுகளை ஊரில் சேர்த்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தபோது, வைத்த இடத்தில் தம் பழைய உடம்பைக் காணோம். சிவபெருமான் மறைத்துவிட்டார் என்கிறது பெரியபுராணம். அவரே திருமூலர். தமிழில் பதிவான முதல் ஸ்டாக் டிரான்ஸ்ஃபரும் முதல் ஷார்ட்டேஜும் இதுவே என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. மறுப்போர் ஒரு வாரம் ஏதாவது ஒரு குடோனில் உட்கார்ந்துவிட்டு வந்து மறுக்கலாம்.

ஆய்வுக்களம் தடா. சென்னையிலிருந்து வடக்கே போகும் ரயில் ஆரம்பாக்கத்தோடு தமிழ்நாட்டை முடித்துக்கொண்டு அடுத்துத் தொடும் ஆந்திர நிலையம். தமிழில் தடா என்றால் பெரிய பானை. பேச்சில் ‘தடா போட்டுட்டான்’ என்றால் மறித்துவிட்டான். சரக்கைக் கொள்வதற்கும் தடுப்பதற்கும் ஒரே சொல் கிடைத்த ஊரை விட்டு வேறு எங்கே ஆராய்வது? (ஊர்ப்பெயர் இவற்றில் எதிலிருந்து வந்தது என்று சண்டை போட வேறு அறிஞர்கள் இருக்கிறார்கள்.)

ஒரு முதலாளிக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு குடோன், தடாவில் ஒரு குடோன் என்று கொள்வோம். நடுவே ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பெட்டியும் அவருடையது, லாரியும் அவருடையது. ஆனால் ஜி.எஸ்.டி. சட்டத்தின் கண்ணுக்கு அவர் இரண்டு ஆள். மாநிலத்துக்கு ஒரு பதிவு, பதிவுக்கு ஒரு நபர். அத்வைதியாகப் பிறந்த முதலாளி ஆரம்பாக்கம் தாண்டியதும் துவைதியாகிறார். தனக்குத் தானே பில் போட்டு, தன்னிடமே வரி வாங்கிக் கட்டி, மறுகரையில் நின்று அதே வரியை வரவு எடுத்துக்கொள்கிறார். விலை? தடாக் கிளைக்கு முழு வரி வரவு உண்டென்றால் பில்லில் என்ன எழுதினாரோ அதுவே சந்தை விலை. தன்னோடு தானே பேரம் பேசி ஜெயித்தவர் உலகில் இவர் ஒருவரே. அதே பெட்டியை 700 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் நாகர்கோவிலுக்கு அனுப்பினால், அதே தமிழ்நாட்டுப் பதிவுதான் என்றால், டெலிவரி சலான் போதும், வரி கிடையாது. ஆக, தடாவைவிட நாகர்கோவில் பக்கம்.

முன்பு இதற்கு நேரெதிர். 2017 ஜூன் 30 வரை ‘நான் இதை விற்கவில்லை, என் கிளைக்குத்தான் அனுப்பினேன்’ என்று எஃப் படிவம் கொடுத்து நிரூபிக்க வேண்டும். ஜூலை 1 முதல் ‘ஆம், எனக்கே நான் வழங்கினேன்’ என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பீமுனிவாரிபாளையம் எல்லைச் சாவடியில் லாரி வரிசை நின்ற காலம் போய், இப்போது சரக்கின் மதிப்பு 50,000 ரூபாய்க்கு மேல் போனால் இ-வே பில். அதன் ஆயுள் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. 20 கிலோமீட்டருக்கும் அதே ஒரு நாள்தான். மிச்ச நேரம் ஆரம்பாக்கத்து டீக்கடைக்கு அரசு அளித்த மானியம் என்றே கொள்ள வேண்டும்.

பக்கத்திலேயே ஸ்ரீசிட்டி. அங்குள்ள சிறப்புப் பொருளாதார மண்டலம் சுங்கக் கணக்கில் இந்தியாவுக்கு வெளியே இருப்பது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தடாவுக்கு ஒரு பெட்டி வந்தால் அது இறக்குமதி. கப்பல் பார்க்காத பெட்டி வெளிநாடு போய்வந்த பெருமை பெறுகிறது.

பெட்டி என்ன, ஊர்களே இங்கே ஸ்டாக் டிரான்ஸ்ஃபர் ஆனவைதாம். 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலக் கணக்கில் வரவானது. செங்கல்பட்டு, சேலம் மாவட்டங்களிலிருந்து சில பகுதிகள் ஆந்திரக் கணக்குக்குப் போயின. புது நிதியாண்டின் முதல் நாள் பார்த்துச் செய்திருக்கிறார்கள். கணக்குப்பிள்ளை யாரோ உள்ளே இருந்திருக்கிறார். தடாவோ, இருந்த இடத்தைவிட்டு அசையாமல் 2022 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. லாரி வாடகை மிச்சம்.

இனி மூலச் சிக்கல். அனுப்புகிறவர் சனிக்கிழமை இருப்பில் கழிக்கிறார். வாங்குகிறவர் திங்கட்கிழமை கூட்டுகிறார். ஞாயிறு முழுக்கச் சரக்கு உலகத்திலேயே இல்லை. ‘வழியில்’ என்று நோட்டில் ஒரு பக்கம் திறந்தால் தீர்ந்தது. ஆனால் திரிசங்குவுக்குப் பேரேட்டில் பக்கம் திறக்க எந்தக் கணக்கருக்கும் மனம் வருவதில்லை. அனுப்பப்படுவது பெரும்பாலும் எது என்பதும் ஆய்வில் தெரிந்தது. நல்ல சரக்கை எந்த குடோன்காரரும் கை விடமாட்டார். ஓடாத சரக்குதான் லாரியில் ஓயாமல் ஓடுகிறது.

நான் கணக்கெழுதிய பாத்திரக் கடையில் ஒருமுறை எவர்சில்வர் தூக்கு 40 பெட்டி தடாவுக்குப் போனது. ‘நாற்பது எண்ணித்தான் ஏத்துனேன் அண்ணே’ என்றார் ஏற்றியவர். ‘முப்பத்தொன்பதுதான் இறங்குச்சு அண்ணா’ என்றார் இறக்கியவர். இருவரும் பில்லைக் காட்டினார்கள். இருவரும் உண்மையே சொன்னார்கள் என்றுதான் இன்றுவரை நம்புகிறேன். சட்டப்படி ஒரு முதலாளி இரண்டாகலாம் என்றால், ஒரு பெட்டி இல்லாமலும் ஆகலாம்.

ஆரம்பாக்கத்துக்கும் தடாவுக்கும் இடையே கயிறு கட்டிய பழுப்பு அட்டைப்பெட்டி ஒன்றை யாராவது கண்டெடுத்தால் இரண்டு குடோனில் எதில் வேண்டுமானாலும் ஒப்படைக்கலாம். மதிப்பு 50,000-க்குக் கீழே. இ-வே பில் வேண்டாம்.