வீசம் கூட

காசிக்கு வீசம் கூட என்று பெயரெடுத்த ஊர் எங்கள் விருத்தாசலம். வீசமென்றால் பதினாறில் ஒரு பங்கு. அப்படிக் கணக்குப் பார்க்கிற எங்களிடமே, சாப்பாட்டுக்கும் சேர்த்து முன்பணம் கட்டினால் லாபம் என்றது சென்னைத் தீம் பார்க் ஒன்று. கட்டினோம்.

வெளிச்சாப்பாடு கூடாதென்று புளிசாதத் தூக்கை வாசலிலேயே வாங்கி வைத்து டோக்கன் கொடுத்தார்கள். ராட்டினம் சுற்றிய வயிற்றில் என்ன இறங்கும்? சின்னவள் தயிர்சாதத்தில் இரண்டு வாய், அவ்வளவுதான். மூன்று மணிக்குச் சாப்பாட்டுக் கூப்பன் செத்தது.

பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை பார்க்கிற மச்சான் மட்டும் விடவில்லை. தட்டைக் கவிழ்த்து விரலால் சுண்டி, "காசு வாங்குனாங்களே, தட்டாவது பீங்கானா? பிளாஸ்டிக்கு, மாப்ளே" என்றார்.

ஊர் திரும்பும் வழியில், உளுந்தூர்பேட்டை தாண்டி வண்டியை ஓரங்கட்டித் தூக்கைத் திறந்தோம். புளிசாதம் கெடவில்லை.