வெளிச்சம் வாங்கப் போற மாப்ளைக்கு

என்ன மாப்ள, ஜவுளிக்கடை வாசல்ல எல்.இ.டி. போர்டு ஏத்தப் போறியாமே! பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் இதே பேச்சுதான். விக்க வந்த தம்பி, "6,000 நிட் சார், பகல்லயே கண்ணைப் பறிக்கும்"னானாம். நீ, "8,000-த்துல இல்லையா?"ன்னு கேட்டியாம். கேக்குறதுல நம்ம குடும்பம் என்னைக்கு கொறை வச்சிருக்கு!

நான் சுவருல விளம்பரம் எழுதிப் பொழச்சவன். இந்தக் கணக்கெல்லாம் போர்டு ரிப்பேர் பாக்குற பேரன்கிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதுதான். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மெழுகுவத்தி வெளிச்சம்னா அதுதான் ஒரு நிட்டாம், கிட்டத்தட்ட. இப்பக் கேளு. நல்ல வெயில் நேரா விழுந்தா வெள்ளையடிச்ச சுவரே 20,000 நிட்டுக்கு மேல மின்னும். கரண்டு பில்லு கிடையாது, இ.எம்.ஐ. கிடையாது. நீ லட்சத்தைக் கொட்டி 8,000 வாங்கிட்டு வந்து சுண்ணாம்புகிட்டத் தோக்கப் போற.

அப்ப போர்டு பகல்ல எப்படித்தான் தெரியுதுங்கிற? கறுப்பாலதான் தெரியுது. நாங்க மஞ்ச எழுத்தைச் சுத்திக் கறுப்புக் கோடு இழுத்தது அழகுக்குன்னா நினைச்ச? நல்ல மாட்யூல்னா முகம் பளபளக்காம மங்கின கறுப்பா இருக்கும். ஒவ்வொரு வரிசை விளக்குக்கு மேலயும் சின்னதா ஒரு கறுப்புச் சாய்ப்பு நீட்டிட்டு இருக்கும். மேல இருந்து விழுற வெயிலை அது தடுத்துரும். அது சரியில்லேன்னா, படத்துல கறுப்பா இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பலா வெளுத்துப் போகும். மாடல் பொண்ணு தலைமுடி நரைச்சுரும். அதனால விக்கிறவன் எரியவிட்டுக் காட்டுறப்ப வாயப் பொளக்காத. அணைச்சுட்டு, வெயில்ல வச்சுப் பாரு.

அடுத்து பி-10, பி-6, பி-4 ன்னு சொல்லுவான். பஸ் ரூட்டுன்னு நினைச்சுக்காத, புள்ளிக்கும் புள்ளிக்கும் உள்ள தூரம், மில்லிமீட்டர்ல. எத்தனை மில்லியோ, குறைஞ்சது அத்தனை மீட்டர் தள்ளி நின்னாத்தான் படம் கூடும்னு தொழில்காரங்களுக்கு ஒரு கைக்கணக்கு. உன் தெருவோட அகலம் எவ்வளவு? பி-10 மாட்டினா உன் வாடிக்கையாளரு எதிர்த்த வீட்டுக்குள்ள போயி, அடுப்படியில நின்னுதான் பாக்கணும். பி-10 மாட்யூல் ஒண்ணு 320-க்கு 160 மில்லி, அதுல 512 புள்ளி. நூறு மாட்யூலைச் சேத்து மாட்டினாலும் மொத்தம் 51,200 புள்ளிதான். உன் சட்டைப்பையில கெடக்குற போன்ல பத்து லட்சத்துக்கு மேல இருக்கு. காஞ்சிபுரம் பட்டுக் கரையில இருக்குற மாங்கா அந்த போர்டுல கத்திரிக்கா மாதிரிதான் தெரியும். ஹைவே ஓரமா, தூரத்துல இருந்து பாக்குற இடம்னா பி-10 தங்கம். உன் சந்துக்கு ஆகாது.

ராத்திரிக்குத்தான் உண்மையான கூத்து இருக்கு. பகலுக்கு 5,000, 6,000 வேணும், சரி. இருட்டினப்புறம் 300 நிட் வாக்குல இருந்தாப் போதும். அதுக்கு ஒரு சென்சார் உண்டு, அதைப் போடச் சொன்னா, "பட்ஜெட் மாமா"ம்ப. போடலேன்னா, வெள்ளைப் பின்னணியில ஆடித் தள்ளுபடி ஓடுறப்ப மொனையில திரும்புற ஆட்டோக்காரன் கண்ணு கூசி நேரா உன் கல்லாவுக்கே வருவான். சேலை வாங்க இல்ல!

இன்னொரு சோதனையும் உண்டு. வெளிச்சத்தை நல்லாக் குறைச்சுட்டு ஒரு முகத்தை ஓடவிடு. மட்டமான சரக்குன்னா கன்னம் வழவழன்னு வராது, படிக்கட்டு வச்ச கணக்கா வரிவரியா விழும். அப்படியே போனை எடுத்து வீடியோ பிடி. கறுப்புப் பட்டை ஓடுச்சுன்னா ரெப்ரெஷ் ரேட்டு கம்மின்னு அர்த்தம். இப்ப 3,840 ஹெர்ட்ஸ் கிடைக்குது, அதைக் கேளு. உன் கடை வாசல்ல நின்னு ஊருப் பொண்ணுங்க ரீல்ஸ் எடுக்காமயா விடப் போகுது? ஸ்பேர் மாட்யூலையும் அதே லாட்டுலயே வாங்கிப் போடு, பெறவு வாங்கினா கலரு ஒட்டுப் போட்ட வேட்டிதான்.

தம்பி டெமோவுக்கு எப்ப வர்றேன்னான்? சாயங்காலம் ஆறரைக்கா? வரத்தான் செய்வான். அந்த நேரத்துல எந்தப் போர்டும் அழகுதான். நீ மதியம் ரெண்டு மணிக்கு வரச் சொல்லு. உன் கடை மேக்கப் பாத்தது, வெயில் மூஞ்சியிலயே அடிக்கும். வெயில்ல ஒரு தடவ பாத்துட்டு, சாப்பாடு போடு. காபி குடு. ராத்திரி எட்டு மணிக்கு இன்னொரு தடவ பாக்கணும்னு சொல்லி உக்கார வையி. கடைசி பஸ்ஸு ஒன்பதரைக்கு. விலையப் பத்தி நீ வாயே தொறக்காத, எட்டே முக்காலுக்கு அவனே குறைப்பான்.